கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம்: பிரிந்து வாழும் கணவன் மனைவிக்கு என்னென்ன உரிமை?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே மனு டைப் அடிப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போடுவது. பதினான்கு வருஷமாக இதே மேஜை. நான் வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் பக்கம் ஒரு குடும்பம் உடைந்தால் அந்தக் காகிதம் வக்கீலிடம் போகும் முன் என் மேஜைக்குத்தான் வரும், அப்புறம் நாலைந்து வருஷம் கழித்து அதே காகிதத்தை நகல் எடுக்க அதே ஆட்கள் திரும்ப வருவார்கள். எந்தத் தாள் கை கொடுத்தது, எந்தத் தாள் காலை வாரிவிட்டது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கச்சான் காற்று அடித்த ஒரு மத்தியானம். ஒரு பொண்ணு அவளுடைய அண்ணனோடு வந்தாள். கையில் முத்திரைத்தாள், கூடவே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்து நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்த வாசகம், அதை அப்படியே டைப் அடிக்க வேண்டுமாம். "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்துகொள்கிறோம். இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. என் நகை, பாத்திரம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்." நகை வந்துவிட்டதா என்று கேட்டேன். "இன்னும் இல்லண்ணே, அடகுல இருக்காம், மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சதும் மீட்டுத் தர்றேன்னு சொல்லிருக்காக" என்றாள்.

மூன்று வரி, மூன்றுமே அவளுக்கு எதிர்.

முதலில், அது விவாகரத்தே இல்லை. ஊர்க்கூட்டம், நோட்டரி முத்திரை, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் சமாதானக் கடிதம், இதில் எதுவும் கல்யாணத்தை முறிக்காது. சில சமூகங்களில் வழக்கப்படி அறுத்துக்கட்டுவது (பிரிந்து வேறொருவரைக் கட்டுவது) உண்டு, இந்து திருமணச் சட்டம் 29-ஆம் பிரிவும் அதற்கு இடம் விட்டிருக்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்தத் தாளை நம்பி இந்துவோ கிறிஸ்தவரோ இன்னொரு கல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட.

அடுத்தது "மனமொத்துப் பிரிந்து" என்கிற வார்த்தை. பார்க்க மரியாதையாக இருக்கும். ஆனால் ஜீவனாம்சச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: இருவரும் பரஸ்பர சம்மதத்தில் தனித்தனியாக வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. கோர்ட் மூலம் விவாகரத்து வாங்கிய மனைவிக்கு இந்தத் தடை இல்லை, மறுமணம் செய்யாதவரை அவர் கேட்கலாம். தாளில் எழுதிப் பிரிந்தவருக்குத்தான் இந்த வம்பு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். வராத நகைக்கு ரசீது.

இதில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான். பிரிந்து இருப்பது வேறு, விவாகரத்து வேறு. தீர்ப்பு வராதவரை ஐந்து வருஷம் தாய் வீட்டில் இருந்தாலும் நீங்கள் மனைவிதான், அவர் கணவர்தான். சாப்பாட்டுச் செலவு கேட்கலாம், குடியிருக்க இடம் கேட்கலாம், அவர் இறந்தால் சொத்தில் பங்கும் கேட்கலாம். (முஸ்லிம் சட்டத்தில் மட்டும் கோர்ட்டுக்கு வெளியிலும் பிரிவு உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.) இந்த உரிமைகள் பெரும்பாலும் பறிபோவது கோபத்தில் வீட்டை விட்டு வந்ததால் அல்ல, வந்த பிறகு அவசரத்தில் போட்ட கையெழுத்தால்.

உங்களுக்கு எந்தச் சட்டம்?

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கரையோடு போனால் மூன்று மதத்து ஜனமும் கலந்துதான் இருக்கிறது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவகிரகம், தங்கச்சிமடத்தில் மாதா கோயில் மணி, கீழக்கரையில் பாங்கு. மீனுக்கு எல்லோருக்கும் ஒரே விலை, ஆனால் விவாகரத்துக்கும் வாரிசுப் பங்குக்கும் ஆளுக்கு ஒரு சட்டம். இந்துக்களுக்கு 1955 இந்து திருமணச் சட்டமும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும். கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம், பங்குக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கு ஷரீஅத் சட்டமும், மனைவி கோர்ட்டுக்குப் போக 1939-ஆம் வருஷத்துச் சட்டமும். வேறு மதத்தவரைக் கட்டியவர்கள் பலர் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்திருப்பார்கள், அவர்களுக்கு விவாகரத்து அந்தச் சட்டப்படி. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைக் கல்யாணம் செல்லுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்திலிருந்து செல்லும்.

எல்லோருக்கும் பொதுவானவையும் இருக்கின்றன. ஜீவனாம்சம், குடும்ப வன்முறைச் சட்டம், இலவச சட்ட உதவி. இந்த மூன்றுக்கும் மதம் கேட்கமாட்டார்கள்.

கல்யாணத்துக்கே ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிய வேண்டும், பாதிப் பேர் பதிவதில்லை. பதியாததால் கல்யாணம் செல்லாமல் போய்விடாது; கோயில் ரசீது, சர்ச் பதிவேட்டு நகல், ஜமாஅத் தஃப்தர் (நிக்காஹ் பதிவேடு) நகல், பத்திரிகை, ஆல்பம், இரண்டு பேர் பெயரும் உள்ள ரேஷன் அட்டை என்று வேறு வழியில் நிரூபிக்கலாம். ஆனால் இதையெல்லாம் சண்டை முற்றும் முன் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜீவனாம்சம்: பங்குக் காசை எப்படிக் காட்டுவது?

முன்பு எல்லோரும் "125 கேஸ்" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது, அதில் இது 144-ஆம் பிரிவு. சங்கதி அதேதான். தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா அம்மா கேட்கலாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அவர் ராமேஸ்வரத்தில் இருந்து நீங்கள் ஏர்வாடியில் தாய் வீட்டில் இருந்தால் அதற்காக ராமேஸ்வரத்துக்கு அலைய வேண்டாம். வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள், நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடப்பில் இழுக்கத்தான் செய்யும். ஆனால் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்று சொல்லிவிட்டதால் வழக்கு இழுத்தாலும் அந்த மாசங்கள் வீணாகாது. அதனால் "பார்ப்போம், பெரியவங்க பேசட்டும்" என்று ஒரு வருஷம் சும்மா இருப்பவர் இழப்பது அந்த ஒரு வருஷத்துக் காசை.

அதே தீர்ப்பில் இன்னொன்று: இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர் சிக்கல். கவர்மென்ட் வேலைக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கும். கடலுக்குப் போகிறவருக்கு ஏது? மீன் விற்றதில் வரும் பங்குக் காசு, கையில் வந்து கையில் போகும். கோர்ட்டில் நின்று "தொழில் இல்லைங்கய்யா, வலைக் கடன்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார். சொந்தப் படகு வைத்திருக்கும் சம்மாட்டிகூட அன்றைக்குக் கூலியாள் ஆகிவிடுவார், நானே டைப் அடித்திருக்கிறேன்.

ஆனால் கடல் தொழிலுக்கும் காகிதம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். படகு மீன்வளத்துறையில் பதிவாகியிருக்கும். படகின் பக்கவாட்டில் ஐ.என்.டி. டி.என். என்று தொடங்கி எழுதியிருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த எண் கிடைத்தால் உரிமையாளர் யார் என்ற பதிவைக் கோர்ட் மூலம் வரவழைக்கச் சொல்லலாம். மானிய டீசல் வாங்கும் புத்தகம், கடலுக்குப் போக வாங்கும் டோக்கன், தடைக்கால நிவாரணம் ஏறும் வங்கிக் கணக்கு, இறால் கம்பெனிக்காரர் கொடுத்த சீட்டு, ஜிபேயில் வந்த காசு. ஒரு அக்கா வீட்டுக் காலண்டரைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அவர் புருஷன் கையாலேயே பென்சிலில் அன்றைய பங்கு எழுதியிருந்தது, இடையிடையே "காத்து", "போகல" என்று. பன்னிரண்டு தாளையும் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதைவிட நல்ல சம்பளச் சீட்டை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை எதிர்த்தரப்பு சொல்லும். விசைப்படகுக்கு அது நியாயம்தான், நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. எப்படியும் ஒரு மாசக் கணக்கைக் காட்டாமல் ஒரு வருஷத்துக் கணக்கைக் காட்டுங்கள். அதேபோல நீங்கள் பாசி எடுக்கப் போனாலோ நண்டுக் கம்பெனிக்குப் போனாலோ மறைக்காதீர்கள். வேலைக்குப் போகிறார் என்பதாலேயே ஜீவனாம்சம் இல்லை என்று ஆகாது, அந்தக் காசு காணுமா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் பொய் சொல்லி மாட்டினால் மீதி உண்மையையும் நம்பமாட்டார்கள்.

உத்தரவு வந்து இரண்டு மாசம் கட்டிவிட்டு நிறுத்துவது வாடிக்கை. அப்போது வாரண்ட் கேட்டு மனுப் போட வேண்டும், கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம்வரை சிறை வைக்கலாம். ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், மூன்று வருஷப் பாக்கியைச் சேர்த்து வைத்துக் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. 144-ல் கணவன் கேட்க முடியாது. ஆனால் இந்து திருமணச் சட்டம் 24, 25-ஆம் பிரிவுகளில் கணவனும் கேட்கலாம், உடம்பு முடியாமல் கிடக்க மனைவி நல்ல வேலையில் இருந்தால் அதற்கு இடமுண்டு.

வீடு, நகை

"வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு என்ன இருக்கு இங்க?" இந்த வசனத்தைக் கேட்டு வெளியே வந்தவர்கள் அதிகம். சொத்துரிமை இல்லை என்பது சரிதான், கணவன் உயிரோடு இருக்கும்போது மாமனார் சொத்தில் மருமகளுக்குப் பங்கு கிடையாது. ஆனால் குடியிருக்கும் உரிமை வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவிக்கு இருக்க உரிமை உண்டு என்கிறது, அந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அடி உதை மட்டும் வன்முறை இல்லை. செலவுக்குக் காசு கொடுக்காதது, நகையைப் பிடுங்கிக்கொண்டது, கேவலமாகப் பேசுவது எல்லாம் இதில் வரும். பட்டா இல்லாத புறம்போக்கு வீடானாலும் குடியிருந்த வீடு குடியிருந்த வீடுதான்.

நேரே குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம், அல்லது ராமநாதபுரத்தில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், அவர் அறிக்கை எழுதி அனுப்புவார். போன் என்றால் 181. வீட்டில் இருக்க உத்தரவு, வேறு வீட்டுக்கு வாடகை, பிள்ளைகளைத் தற்காலிகமாக ஒப்படைப்பது, செலவுத் தொகை என்று ஒரே மனுவில் கேட்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்காமல் வெளியே வராதீர்கள். வாய்ப்பேச்சாகச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டால் ஆறு மாசம் கழித்து நீங்கள் போனதற்கே சாட்சி இருக்காது.

கீழக்கரைப் பக்கம் கதை தலைகீழ். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், கல்யாணத்தோடு வீடு பெண்ணுக்கு என்று பேச்சு. பேச்சுதான். பத்திரம் வாப்பா (அப்பா) பெயரிலேயே இருந்து, அவர் மௌத்தான (இறந்த) பிறகு அண்ணன் தம்பிகள் பங்கு கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றால் ஹிபாவை (தானத்தை) எழுதிப் பதிந்து, பெண்ணின் அனுபவத்தில் விட்டுவிடுங்கள்.

நகை, சீர் வரிசை எல்லாம் பெண்ணின் சொந்தச் சொத்து. 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கணவன் கையில் இருந்தாலும் அவன் அதற்குக் காவல்காரன்தான், திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி. கஷ்டத்துக்கு எடுத்து விற்றாலும் திருப்பித் தர வேண்டிய கடமை உண்டு. ஆனால் எத்தனை பவுன் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். நகைக்கடைப் பில், கல்யாண ஆல்பம், அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிற அடகுச் சீட்டு. எந்த வங்கியில், யார் பெயரில், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கும். பெட்டியைத் தூக்கும்போது புடவையை விட்டாலும் பரவாயில்லை, அடகுச் சீட்டை விடாதீர்கள், குறைந்தது போனில் படமாவது எடுங்கள்.

விவாகரத்தே வேண்டும் என்றால்

இந்துக்களுக்கு: கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் பொதுவாக மனுப் போட முடியாது. கொடுமை, வேறு தொடர்பு, 2 வருஷம் கைவிட்டுப் போனது, 7 வருஷமாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாதது என்று காரணம் காட்டிப் போடலாம். இருவருக்கும் சம்மதம் என்றால் 13-பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனுப் போட்டு 6 மாசம் கழித்து மறுபடி போய் உறுதிப்படுத்த வேண்டும். அந்த 6 மாசத்தைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2017-ல் தீர்ப்பு இருக்கிறது. மனைவி தான் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். முழுதாக முறிக்க மனசில்லை, ஆனால் சேர்ந்தும் இருக்க முடியாது என்றால் 10-ஆம் பிரிவில் நீதிமன்றப் பிரிவு கேட்கலாம், அதில் கல்யாணம் நிற்கும், வாரிசுரிமையும் நிற்கும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

கிறிஸ்தவர்களுக்குச் சம்மத விவாகரத்து 10-ஏ பிரிவில், சட்டத்தில் உள்ளபடி 2 வருஷப் பிரிவு. நம் பக்கம் நடக்கும் தவறு வேறு. மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் கல்யாணம் செல்லாது என்று எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கோயிலில் மறுபடி கல்யாணம் செய்ய அது வேண்டும், சரி. சட்டத்துக்கு அது போதாது, 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கோர்ட் தீர்ப்பும் வேண்டும்.

முஸ்லிம்களுக்கு: ஒரே மூச்சில் மூன்று தலாக் வாயால் சொன்னாலும், துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் 2019 சட்டப்படி செல்லாது, 3 வருஷம்வரை சிறை. இடைவெளி விட்டுச் சொல்லும் முறை இன்னும் இருக்கிறது, ஆனால் மனைவி அதை மறுத்தால் கணவன் கோர்ட்டில் நிரூபித்துத் தீர்ப்பு வாங்க வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. பெண் கேட்டு வாங்கும் விவாகரத்தான குலாவுக்கும் தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழ் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது 2023-ஆம் வருஷத்து சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 1939 சட்டத்தில் பெண்ணுக்கு நல்ல வாசல்கள் இருக்கின்றன: 2 வருஷமாகச் செலவுக்குக் கொடுக்கவில்லை என்றால் போதும், 4 வருஷமாக ஆள் இருக்கும் இடமே தெரியவில்லை என்றாலும் போதும். தலாக் ஆனபின் இத்தா காலத்துக்கு (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்) மட்டும்தான் காசு என்று சொன்னால் நம்பாதீர்கள். இத்தா முடிவதற்குள், அதற்குப் பிந்திய வாழ்க்கைக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2001-லும், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மஹர் (கல்யாணத்தில் கணவன் மனைவிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது) தனி, அது கடன்.

யாராக இருந்தாலும் சம்மதப் பிரிவில் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதுங்கள். எந்த நகை, எத்தனை கிராம், மொத்தத் தொகை எந்தத் தேதியில், பிள்ளை யாரிடம், கடலுக்குப் போகாத நாளில் அப்பா பார்க்க வரலாமா என்பதுவரை. பிள்ளைக்குச் சேர வேண்டிய காசை அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது, அது பிள்ளையின் உரிமை.

கோர்ட்டிலிருந்து தபால் வந்தால் வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் கேஸ் நின்றுவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை இந்தக் கரை முழுக்க இருக்கிறது. "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதினால் கொடுத்ததாகவே கணக்கு. நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, நீங்கள் மனைவி இல்லை என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். அப்படி ஆகிவிட்டால் அதை நீக்கக் கோர 30 நாள்தான் கணக்கு. சம்மன் முறையாக வராமல் இருந்தால் தெரிந்த நாளிலிருந்து.

ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால்

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கணவர் இறந்தால்? தீர்ப்பு வரவில்லை, ஆகவே அவர் மனைவி விதவை, வாரிசு. பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அதேதான். கணவனுக்கும் அப்படித்தான். தீர்ப்பு வந்துவிட்டால் அதோடு வாரிசுரிமை போச்சு.

பங்கு எப்படி என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார், அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீடும் படகும் சேர்த்து 24 லட்சம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், அம்மா இருக்கிறார்கள், அப்பா இல்லை. இந்துவாக இருந்தால் நால்வருக்கும் சமம், ஆளுக்கு 6 லட்சம். கிறிஸ்தவராக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று 8 லட்சம், மீதி பிள்ளைகளுக்கு ஆளுக்கு 8, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. முஸ்லிமாக இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று 3 லட்சம், அம்மாவுக்கு ஆறில் ஒன்று 4 லட்சம், மீதி 17 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆனால் பங்கு வைக்கும் முன் அடக்கச் செலவும் கடனும் கழிய வேண்டும், கொடுக்காத மஹர் அந்தக் கடனில் சேரும். ஜனாஸாவில் (அடக்கத்தில்) "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்று விதவையிடம் கேட்பது எனக்கு எப்போதும் உறுத்தும். சொல்லாமல் இருப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

உயில் எழுதினால் கணக்கு மாறும். இந்துவும் கிறிஸ்தவரும் தான் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முஸ்லிம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. மனைவி முதலில் இறந்தால் இந்துக்களில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும், பிள்ளை இல்லை என்றால் அவர் பெற்றோர் வழியில் வாரிசாக வந்த சொத்து அப்பா வழிக்கே திரும்பும். முதல் மனைவி இருக்கும்போது கட்டிய இரண்டாவது மனைவி இந்துக்களில் வாரிசு இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கு அப்பாவின் பங்கில் பங்கு உண்டு, 2023-லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விதவை மறுமணம் செய்தால் வந்த பங்கைப் பிடுங்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது.

கடலில் காணாமல் போனவர் விஷயம் தனி. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் எளிதில் வராது. 7 வருஷமாக யாருக்கும் தகவல் இல்லை என்றால் இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம், அதை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்க வேண்டும். அந்த 7 வருஷம் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு ஆதாரம்? படகு திரும்பாத அன்றே காவல் நிலையத்தில் கொடுத்த புகார், மீன்வளத்துறைக்குக் கொடுத்த கடிதம், எடுத்துப் போன டோக்கன். "இலங்கை நேவி பிடிச்சிருக்கும், வந்துருவாக" என்று நம்பி ஒரு வருஷம் புகாரே கொடுக்காமல் இருந்த வீட்டை எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் நம்பிக்கையும் புகாரும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ். தாசில்தார் கொடுப்பது, இ-சேவையில் போடுகிறோம். பிரிந்து இருக்கும் மனைவி பெயரை விட்டுவிட்டு மாமியார் வீட்டார் முந்திக்கொண்டு விண்ணப்பிப்பது அடிக்கடி நடக்கிறது. இறந்த செய்தி வந்த வாரமே வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் ஒரு ஆட்சேப மனு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், கல்யாண ஆதாரத்தோடு. சான்றிதழ் போய்விட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. சொத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டா மாறியதாலேயே சொத்து அவர்களுடையது ஆகிவிடாது.

நாமினி என்ற ஒரு வார்த்தையால் எத்தனை சண்டை. வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் காசை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், அவர் மட்டும் சொந்தக்காரர் இல்லை. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு நாமினி மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர் என்றால் காசு அவர்களுக்கே. இங்கே பசங்க 18, 20 வயசில் கடலுக்குப் போகும்போது நலவாரிய அட்டையிலும் சங்கத்திலும் அம்மா பெயரைப் போடுவார்கள், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பிறந்தாலும் அது அப்படியே கிடக்கும். இதைப் படிக்கும் தம்பிகள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

காசில்லாமல் எப்படி வழக்கு நடத்துவது? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு, அல்லது 15100-க்கு ஒரு போன். ஆண்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு.

போகும்போது ஒரிஜினலையும் மூன்று நகலையும் கொண்டுபோங்கள், ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். இன்னொரு செட் தாய் வீட்டில் இருக்கட்டும். இந்த உப்புக்காற்றில் தகரப்பெட்டிக்குள் வைத்த தாள்கூட நாலு வருஷத்தில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், லேமினேஷன் மட்டும் வேண்டாம். அந்தப் பொண்ணு அன்றைக்கு டைப் அடிக்காமல் போனாள். அண்ணனுக்கு என்மேல் கோபம்தான். பத்து நாள் கழித்து அவள் மட்டும் தனியாக வந்தாள், கையில் ஒரு அடகுச் சீட்டு, இரண்டாக மடித்துக் கசங்கி. அதற்குத்தான் முதலில் நகல் போட்டோம்.